பெருக்கியும் பெட்டியும்

இசைக்குழு ஒன்று மேடையேறிப் பாடும்பொழுது கேட்போர் செவி முதலில் நாடுவது பாடகரின் குரலை. அடுத்து நாடுவது உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் கருவிகளை. இவற்றுக்கெல்லாம் அடியில், கட்டடத்தின் கடைக்கால் போல மறைந்து நின்று, பாட்டைத் தாங்கும் தாழ்ந்த ஒலி ஒன்று உண்டு. அதனைத் தனியே கவனிப்பவர் சிலரே. ஆயினும், அஃது இடையில் நின்றுவிடுமாயின், ஏதோ குறைவதை அரங்கிலுள்ள அனைவரும் உடனே உணர்வர். செவியால் மட்டுமன்றி மார்பாலும் உணரப்படும் அவ்வொலியை மேலைநாட்டு இசைக்குழுக்களில் எழுப்பும் கருவி பேஸ் கித்தார் ஆகும்.

முற்காலத்தில் இப்பணியைச் செய்து வந்தது, வயலின் குடும்பத்தைச் சேர்ந்ததும் ஆளுயரம் மிக்கதுமான டபுள் பேஸ் என்னும் கருவி. அதன் உள்ளீடற்ற மரக்கூடே ஒலியைப் பெருக்கித் தந்தது. நடன அரங்குகள் பெருகி, மின்கித்தார் முதலிய கருவிகள் உரத்து ஒலிக்கத் தொடங்கிய பின்னர், அதன் ஒலி அவற்றுள் அமிழ்ந்து போயிற்று. அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ பெண்டர் என்பார், 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்னும் புதிய கருவியை வெளியிட்டார். உட்கூடு இன்றித் திண்ணிய மரப்பலகையால் ஆகிய அக்கருவி, தோளில் மாட்டி வாசிக்கத் தக்கது. அதன் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. மின்சாரத்தின் துணையில்லையெனின் அதன் ஒலி அடுத்த அறைக்கும் எட்டாது. ஆதலின், மறு ஆண்டிலேயே பேஸ்மேன் என்னும் ஆம்பிளிபையரும் அதற்குத் துணையாக வந்தது. 15 அங்குல அகலமுள்ள ஸ்பீக்கர் ஒன்றும், அதனை இயக்கும் மின்பகுதியும் ஒரே பெட்டியுள் அடங்கியிருந்தன.

காலப்போக்கில் இவ்விரண்டும் தனித்தனியே பிரிந்தன. கித்தாரிலிருந்து வரும் நுண்ணிய மின்குறிப்பை வலிமையுறச் செய்யும் பகுதி ஒரு சிறு பெட்டியாயிற்று. அதனை இசைக்கலைஞர் ‘ஹெட்’, அதாவது தலை, என்று அழைப்பர். ஒலியை எழுப்பும் ஸ்பீக்கர்கள் வேறொரு பெரிய பெட்டியுள் அமைந்தன; அதற்குக் ‘கேபினெட்’ என்பது பெயர். எளிமை கருதி, முன்னதைப் பெருக்கி என்றும் பின்னதைப் பெட்டி என்றும் வழங்கலாம். பிரித்ததனால் நன்மைகள் பல விளைந்தன. சுமப்பது எளிதாயிற்று, ஸ்பீக்கரின் கடுமையான அதிர்வு பெருக்கியின் நுண்ணிய உறுப்புகளைத் தாக்குவது குறைந்தது, சிறிய அரங்குக்கு ஒரு பெட்டி, பெரிய அரங்குக்கு இரண்டு பெட்டி என்று வேண்டியவாறு மாற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது.

ஆனால், பிரிந்த பொருள்களைச் சேர்க்கும்பொழுது தவறாகச் சேர்த்தலும் கூடும் அன்றோ! ஒரே பெட்டியில் விற்ற காலத்தில், எப்பெருக்கிக்கு எந்த ஸ்பீக்கர் ஏற்றது என்பதைத் தொழிற்சாலையே முடிவு செய்தது. இப்பொழுது அப்பொறுப்பு மேடையில் நிற்கும் கலைஞரைச் சார்ந்தது. நிகழ்ச்சிக்கு அரை மணி நேரத்துக்கு முன்னர், நண்பர் ஒருவர் தம் பெட்டியையும் கொணர்ந்து, “இதனையும் மாட்டுங்கள், இன்னும் உரக்கக் கேட்கும்” என்பார். துளையில் முளை பொருந்துகின்றது. ஒலியும் உரக்க எழுகின்றது. மூன்றாம் பாட்டில் கருகிய நாற்றம் வீசுகின்றது; நான்காம் பாட்டில் ஒலி நின்றுவிடுகின்றது. அரங்கு நிறைந்த மக்கள் காத்திருக்க, பல மாத வருவாயைச் சேர்த்து வாங்கிய பெருக்கி ஒன்றுக்கும் உதவாத இரும்புச் சுமையாகிக் கிடக்கின்றது. முளை பொருந்தியதனால் அளவும் பொருந்திவிட்டது என்று எண்ணியதே இதற்குக் காரணம்.

அவ்வளவு யாது? ஒவ்வொரு பெட்டியின் பின்புறத்திலும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று ஓம் கணக்கில் அமைந்தது; மற்றொன்று வாட் கணக்கில் அமைந்தது. இவற்றுள் முதலாவதே பெருக்கியைக் காப்பது. இரண்டாவது பெட்டியைக் காப்பது.

ஓம் என்பது ஒரு பள்ளியாசிரியரின் பெயர். ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்து வந்த கியோர்க் சைமன் ஓம், கம்பிகளின் வழியே பாயும் மின்சாரத்தை அளந்து ஆராய்ந்தார். மின்னழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் மிகும். தடை மிகுந்தால் மின்னோட்டம் குறையும் என்னும் உண்மையை 1827-இல் நூலாக வெளியிட்டார். இன்று சிறுவரும் அறிந்த அவ்விதியை அக்காலத்து அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. அவர் தம் வேலையையும் துறக்க நேர்ந்தது. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்த பின்னரே அவருடைய பெருமை நன்கு வெளிப்பட்டது. மின்தடையின் அளவுக்கு அவர் பெயரே இன்று வழங்குகின்றது.

ஏரியும் மதகும் இவ்விதியை எளிதில் விளக்கும். நீர்மட்டத்தின் உயரம் மின்னழுத்தம் போன்றது. மதகின் வழியே பாயும் நீர் மின்னோட்டம் போன்றது. மதகின் குறுகல் தடை போன்றது. ஒரு மதகைத் திறந்தால் ஓரளவு நீர் பாயும். அதே அளவுள்ள மற்றொரு மதகையும் திறந்தால் இருமடங்கு நீர் பாயும். மதகுகள் இரண்டானமையால் தடை இரட்டித்தது என்று கருதுதல் பிழை. நீர் செல்ல வழி இரண்டாகவே, மொத்தத் தடை பாதியாகிவிட்டது. கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் காளைகள் ஒரு தொட்டியின் நீர்மட்டம் குறையாமல் காக்க வேண்டும் என்று கொள்க. தொட்டியின் வாய்கள் மிகுந்தோறும் காளைகளின் உழைப்பும் மிகும். வாய்கள் அளவுக்கு மீறினால் காளைகள் களைத்து வீழும். பெருக்கியே அக்காளை, பெட்டிகளே தொட்டியின் வாய்கள்.

இனி ஸ்பீக்கரின் அமைப்பைச் சிறிது காண்பது நலம். காந்தத்தின் இடுக்கில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகின்றது. அச்சுருளோடு காகிதம் போன்ற பொருளால் ஆகிய கூம்பு இணைக்கப்பட்டுள்ளது. சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்பொழுது, சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது; கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது. இவ்வகை ஸ்பீக்கரின் இன்றைய வடிவத்துக்கு அடிகோலியவர்கள், 1925-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்ட ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர் ஆவர். சுருளுக்குக் கொடுக்கும் மின்திறனில் நூற்றில் ஒரு சில பங்கே ஒலியாக மாறுகின்றது. எஞ்சியதெல்லாம் வெப்பமாகிச் சுருளையே சுடுகின்றது என்பது பலரும் அறியாத செய்தி.

சுருளின் எதிர்ப்பு ஒரே நிலையில் நிற்பதன்று. ஒலியின் அதிர்வெண் மாறுந்தோறும் அதுவும் ஏறி இறங்கும். எனவே, பெட்டியின்மீது எழுதப்பட்ட 8 ஓம் அல்லது 4 ஓம் என்பது ஒருவாறு வகுத்துரைக்கும் எண்ணே. 8 ஓம் என்று எழுதிய பெட்டியை அளவுக் கருவியால் சோதிப்பவர், முள் 6 ஓம் அளவிலே நிற்பதைக் கண்டு பெட்டி பழுதுற்றதென்று மயங்குவதுண்டு. அக்கருவி ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்குரிய தடையை மட்டும் காட்டுவதால், அவ்வாறு குறைந்து காட்டுதல் இயல்பே.

இப்பொழுது கணக்கொன்றைப் பார்க்கலாம். ஒரு பெருக்கி 4 ஓம் பெட்டிக்கு 400 வாட் தரவல்லது என்று கொள்வோம். அந்நிலையில் அதன் அழுத்தம் 40 வோல்ட். ஓட்டம் 10 ஆம்பியர். அப்பெருக்கியில் 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் மாட்டினால், அதே 40 வோல்ட் அழுத்தத்தில் 5 ஆம்பியரே பாயும். கிடைக்கும் திறன் 200 வாட். மற்றோர் 8 ஓம் பெட்டியையும் பக்க இணைப்பில் சேர்த்தால், இரண்டிலும் 5 ஆம்பியர் வீதம் 10 ஆம்பியர் பாயும். இரண்டு 8 ஓம் பெட்டிகள் சேர்ந்து 4 ஓம் ஆயின. பெருக்கிக்கு இது முழு வேலை; மிகை வேலை அன்று. நண்பர் கொணர்ந்த மூன்றாம் பெட்டியும் 8 ஓம் உடையதெனின், ஓட்டம் 15 ஆம்பியராக உயரும். மொத்த எதிர்ப்பு 2.67 ஓமாகத் தாழும். 10 ஆம்பியருக்கெனச் செய்த உறுப்புகள் 15 ஆம்பியரைத் தாங்க வேண்டும். கருகிய நாற்றத்தின் தோற்றுவாய் இதுவே.

கடைகளில் விற்கும் பெட்டிகளின் பின்புறத்தில் இரண்டு துளைகள் இருக்கும். பெருக்கியிலிருந்து வரும் கம்பியை ஒன்றில் மாட்டி, மற்றொன்றிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கம்பி செலுத்தலாம். பார்வைக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவதால், இதனைத் தொடர் இணைப்பு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உட்புறத்தில் அத்துளைகள் இரண்டும் பக்க இணைப்பாகவே பிணைக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் இருத்துக. தொடர் இணைப்பாயின் இரண்டு 8 ஓம் சேர்ந்து 16 ஓம் ஆகும். அதற்குத் தனிக்கம்பி வேண்டும். பேஸ் கலைஞர் அதனைக் கையாளுதல் அரிது.

பெருக்கியின் பின்புறத்தில் ‘குறைந்த அளவு 4 ஓம்’ என்றோ, ‘குறைந்த அளவு 2 ஓம்’ என்றோ எழுதியிருப்பதைக் காணலாம். டிரான்சிஸ்டர்களால் இயங்கும் பெருக்கிகளுக்கு இக்கீழெல்லையே உயிர்நிலை. எல்லைக்கு மேற்பட்ட எதிர்ப்பால் அவற்றுக்குத் தீங்கில்லை; ஒலிதான் சற்றுக் குறையும். பெட்டியே மாட்டாமல் வைத்திருந்தாலும் பொதுவாக அவை பழுதுறா. எல்லைக்குக் கீழே செல்லுதலும், இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்குச்சுற்று உண்டாதலுமே அவற்றுக்குக் கேடு. இக்காலத்துப் பெருக்கிகள் பலவற்றில், மிகுவெப்பத்தையோ மிகையோட்டத்தையோ உணர்ந்து தாமே நின்றுவிடும் காவல் அமைப்புகள் உள்ளன. அவற்றை நம்பி எல்லை கடப்பது, கீழே வலை இருக்கின்றதென்று கழைக்கூத்தாடி கயிற்றிலிருந்து வேண்டுமென்றே குதிப்பதை ஒக்கும்.

வால்வுகளால் இயங்கும் பெருக்கிகளின் இயல்போ இதற்கு நேர்மாறானது. ஒருவகைக்குரிய விதியை மற்றொரு வகைக்குப் பொருத்தியதால் பாழான கருவிகள் மிகப் பல. வால்வு என்னும் வெற்றிடக் குழல் மிகுந்த அழுத்தத்திலும் குறைந்த ஓட்டத்திலும் வேலை செய்வது. ஸ்பீக்கருக்கு வேண்டுவதோ குறைந்த அழுத்தமும் மிகுந்த ஓட்டமும் ஆகும். இவ்விரண்டையும் இசைவிக்கும் தரகன் போல, இடையில் மின்மாற்றி ஒன்று அமைந்துள்ளது. அதன் வெளிச்சுருளில் 2 ஓம், 4 ஓம், 8 ஓம் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து கம்பிகள் எடுக்கப்பட்டிருக்கும். பெட்டிகளின் மொத்த எதிர்ப்பு எதுவோ, அதற்குரிய துளையிலோ குமிழின் நிலையிலோ மாட்டுதல் வேண்டும். இங்கே வேண்டுவது குறைந்த எல்லையைக் காத்தல் மட்டுமன்று. அளவு ஒத்திருத்தலே வேண்டும்.

பெட்டியை மாட்டாமல் வால்வுப் பெருக்கியை இயக்கி, கித்தாரை மீட்டினால் நேர்வது யாது? கவலை இழுக்கும் காளையின் கயிறு நடுவில் அறுந்தால், தடையின்றி முன்னே பாய்ந்து அது விழும். அதுபோலவே, மின்மாற்றியில் தேங்கிய ஆற்றல் செல்ல வழி காணாது, அதன் உட்சுருளில் கட்டுக்கடங்காத அழுத்தமாக எழும். சுருள்களுக்கிடையே உள்ள மின்காப்பு பொத்துக்கொண்டு தீப்பொறி பாயும். வால்வு பொருத்திய இடத்திலும் பொறி தாவுதல் உண்டு. பெருக்கியின் உறுப்புகளுள் மிக்க எடையும் மிக்க விலையும் உடையவற்றுள் ஒன்று அம்மின்மாற்றி. குறுக்குச்சுற்றைச் சிறிது நேரம் தாங்கும் வால்வுப் பெருக்கி, வெறுமையைத் தாங்குவதில்லை. இது கருதியே பெண்டர் நிறுவனத்தின் வால்வுப் பெருக்கிகளில், முளை மாட்டப்படாதபொழுது ஸ்பீக்கர் துளையின் இரு முனைகளும் தாமே ஒன்றையொன்று தொடுமாறு அமைத்தனர். டிரான்சிஸ்டர் பெருக்கிக்கு அவ்வமைப்பைக் கொடுத்தால் அது காவலாகாது, கொலையாகும்.

இனி வாட் என்னும் இரண்டாம் எண். 300 வாட் என்று பெட்டியில் எழுதியிருப்பது, அது தரும் ஒலியின் அளவன்று. அதன் சுருள் கருகாமல் தாங்கவல்ல வெப்பத்தின் அளவு. விளம்பரங்களில் ஒரு கணத்துக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, இடைவிடாது தாங்கும் அளவைச் சிறிய எழுத்தில் மறைத்தல் வழக்கமாகிவிட்டது. கொள்ளத்தக்கது சிறிய எழுத்தே.

பேஸ் ஒலியைப் பொறுத்தவரை, வெப்பத்துக்கு முன்னரே வேறோர் இடர் வந்து நிற்கும். ஒலி தாழ்ந்தோறும் கூம்பு அசையும் தொலைவு மிகும். 41 அதிர்வில் அது செய்யும் பயணம், உயர்ந்த ஒலிக்குச் செய்யும் பயணத்தினும் பன்மடங்கு பெரிது. எல்லை கடந்தால் சுருள் தன் இடுக்கினின்று வெளியேறும். அன்றி, பின்னுள்ள தகட்டில் மோதும். சிலவகைப் பெட்டிகளில் தாழ்ந்த ஒலிக்கு வலிமை கூட்டும்பொருட்டுக் காற்றுத்துளை வைத்திருப்பர். அத்துளைக்கென வகுத்த அதிர்வெண்ணுக்குக் கீழே சென்றால், பெட்டிக்குள் இருக்கும் காற்று கூம்பைத் தாங்குவதை விட்டுவிடும். பெட்டியின் கொள்ளளவுக்கும் துளைக்கும் ஸ்பீக்கரின் இயல்புக்கும் உள்ள தொடர்பை 1961-இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் கணக்கிட்டுக் காட்டினார்; பின்னர் ரிச்சர்டு ஸ்மால் அதனை விரிவுபடுத்தினார். அவர்தம் கணக்கைத் தழுவியே இன்றும் பெட்டிகள் செய்யப்படுகின்றன. இதனை அறியாத இளைஞர், தாழ்ந்த ஒலி போதவில்லை என்று பெருக்கியின் பேஸ் குமிழை முழுதும் திருப்புவர். 300 வாட் தாங்கும் பெட்டி, அந்நிலையில் 150 வாட்டிலேயே கிழிபடுதல் கூடும்.

பெட்டி தாங்குவதினும் சற்று மிகுந்த திறனுடைய பெருக்கியை வைத்துக்கொள்வதா, குறைந்ததை வைத்துக்கொள்வதா என்னும் வினா கலைஞரிடையே ஓயாத வழக்காக உள்ளது. சிறிய பெருக்கியே ஸ்பீக்கரைக் கொல்லும் என்று ஒரு சாரார் உறுதியாகக் கூறுவர். அது முழு உண்மை அன்று. சிறிய பெருக்கி தன் எல்லைக்குள் இயங்கும்வரை எப்பெட்டிக்கும் அதனால் தீங்கு இல்லை. எல்லை கடந்து முறுக்கும்பொழுது அலையின் உச்சிகள் தறித்தாற்போலத் தட்டையாகும். 100 வாட் பெருக்கியும் அப்பொழுது 200 வாட்டை நெருங்கித் தருதல் உண்டு. சுருளைச் சுடுவது அம்மிகைத் திறனே அன்றி, பெருக்கியின் சிறுமை அன்று. ஆகவே, பெருக்கியின் அளவும் பெட்டியின் அளவும் ஏறத்தாழ ஒத்திருக்குமாறு கொண்டு, ஒலி கரகரக்கும்பொழுது குமிழைத் தாழ்த்தும் செவியும் உடையவருக்கு எதுவும் பழுதாவதில்லை.

இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும்பொழுது இவ்வாட் கணக்கில் இன்னொரு சிக்கல் எழும். ஒத்த காளைகளை ஒரே நுகத்தில் பூட்டுதல் உழவர் வழக்கம். பெரியதையும் சிறியதையும் பூட்டினால் பாரம் இரண்டுக்கும் தக்கவாறு பிரிவதில்லை. 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட 8 ஓம் பெட்டியையும், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட 8 ஓம் பெட்டியையும் ஒருங்கே மாட்டுவது பலருக்கும் விருப்பமான முறை. எதிர்ப்பு ஒத்திருப்பதால் திறன் சரிபாதியாகப் பிரியும். முதற்பெட்டியில் நான்கு ஸ்பீக்கர் பங்கிட்டுக்கொள்ளும் சுமையை, இரண்டாம் பெட்டியில் ஒன்றே தாங்க வேண்டும். உருவத்தில் பெரியதாகையால் அது வலியது என்று நம்பி, முதலில் கிழிவது அதுவே ஆதலைக் கண்டு வியப்பர். 8 ஓம் பெட்டியோடு 4 ஓம் பெட்டியைச் சேர்த்தாலோ, 4 ஓம் பெட்டி மற்றதைப்போல இருமடங்கு திறனை ஏற்கும். மொத்த எதிர்ப்பும் 2.67 ஓமாகத் தாழும்.

இக்கணக்குகள் அனைத்தும் ஒருங்கே பொருந்திய கருவி ஒன்றை வரலாறு நன்கு நினைவில் வைத்திருக்கின்றது. அமெரிக்காவில் ஆம்பெக் என்னும் நிறுவனம் டபுள் பேஸின் ஊன்றுகோலுக்குள் ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தி விற்றதனால் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 1969-இல் எஸ்.வி.டி. என்னும் மாபெரும் வால்வுப் பெருக்கியை வெளியிட்டது. பில் ஹியூஸ், ரோஜர் காக்ஸ் என்னும் பொறியாளர் அதன் ஆக்கத்தில் பங்குகொண்டனர். 14 வால்வுகளைக் கொண்ட அது 300 வாட் தரவல்லது. அக்காலத்தில் பேஸ் பெருக்கிகளுள் அவ்வளவு வலிமை வியப்புக்குரியதாய் இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கிலேய இசைக்குழுவினர் அவ்வாண்டு அமெரிக்காவில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தில் அதன் முதல் மாதிரிகளைப் பயன்படுத்தினர்.

அத்தகைய பெருக்கிக்குப் பெட்டி அமைப்பது எளிதாய் இருந்திருக்குமா? 10 அங்குல ஸ்பீக்கர் எட்டினை ஒரே பெட்டியுள் அடுக்கினர். கூம்புகள் மிகையாக அசையாதவாறு, காற்றுத்துளை இன்றிப் பெட்டியை முழுதும் மூடினர். உட்புறத்தை அறைகளாகத் தடுத்தனர். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 32 ஓம் உடையதாகச் செய்வித்து, எட்டையும் பக்க இணைப்பில் பிணைத்தனர். 32 ஓமை எட்டால் வகுத்தால் கிடைப்பது 4 ஓம். அவ்வளவு செய்தும், அக்காலத்து ஸ்பீக்கர்களின் மென்மையால் ஒரு பெட்டி முழு 300 வாட்டையும் தாங்குவதற்குரியதாய் இல்லை. ஆதலின், பெருக்கி ஒன்றுக்குப் பெட்டி இரண்டு என்று வகுத்தனர். 4 ஓம் இரண்டு சேர்ந்து 2 ஓம் ஆயிற்று. அதற்கேற்பவே அப்பெருக்கியின் மின்மாற்றியில் 2 ஓம், 4 ஓம் என்னும் இரு நிலைகளும் வைக்கப்பட்டன. பெருக்கியின் வலிமை பெட்டியின் எண்ணிக்கையை வகுத்தது. பெட்டியின் எண்ணிக்கை மின்மாற்றியின் சுற்றை வகுத்தது. பின்னாளில் ஸ்பீக்கர்கள் வலிமையுற்றமையால், எட்டு ஸ்பீக்கர் கொண்ட அப்பெட்டிகளுள் ஒன்றே அப்பெருக்கிக்குப் போதுமானதாயிற்று.

பெருக்கிக்கும் பெட்டிக்கும் இடையே செல்லும் கம்பியும் கவனிக்கத்தக்கது. கித்தாரிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் கம்பியும், பெருக்கியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பியும் கால் அங்குல முளையில் முடிவதுண்டு. தோற்றத்தில் இரட்டைப் பிறவிகளே. முன்னதன் உள்ளே மயிரிழை போன்ற நடுக்கம்பி ஒன்றும், அதனைச் சூழ்ந்த வலையும் உள்ளன. நுண்ணிய மின்குறிப்புக்கு அது போதும். 10 ஆம்பியர் பாயும் இடத்தில் அதனை மாட்டினால், கம்பி சுட்டு, காப்பு உருகி, குறுக்குச்சுற்று உண்டாகும். வால்வுப் பெருக்கியாயின் கம்பி அறுந்து வெறுமை நேரும். இரண்டும் கேடே. பெட்டிக்குச் செல்லும் கம்பியில் தடித்த இழைகள் இரண்டு அருகருகே செல்லும். கால் அங்குல முளைக்கு இன்னொரு குற்றமும் உண்டு. பெருக்கி இயங்கும்பொழுது அதனைச் செருகினாலும் பிடுங்கினாலும் இரு முனைகளும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். இக்குறையை நீக்க நியூட்ரிக் நிறுவனத்தார் ஸ்பீக்கான் என்னும் பூட்டு முளையை உருவாக்கினர். செருகித் திருகினாலன்றி அது இணையாது; காலில் தட்டி இழுபட்டாலும் கழலாது. இக்காலத்துப் பெருக்கிகளில் பெரும்பாலும் அதுவே காணப்படுகின்றது.

சில பெருக்கிகளில் இரண்டு பகுதிகளை ஒன்றாகப் பிணைத்து, ஒரே பெட்டிக்கு மிகுதியான திறன் தருமாறு இயக்கும் வசதி உண்டு. அதற்குப் பாலமுறை என்று பெயர். அந்நிலையில் ஒவ்வொரு பகுதியும் பெட்டியின் எதிர்ப்பில் பாதியையே காணும். தனித்தனியே 4 ஓம் தாங்கும் பகுதிகள் பாலமுறையில் 8 ஓமுக்குக் கீழே செல்லலாகா. அவ்விரு முனைகளுள் எதுவும் நிலத்தோடு இணைந்ததன்று. ஆதலால் ஒன்றை உலோகக் கூட்டில் தொடவிடுதலும் தகாது.

இன்று ஆறேழு பவுண்டு எடையுள்ள பெருக்கி, 500 வாட்டுக்கு மேலும் தருகின்றது. நாற்பது கிலோவை எட்டிய பழைய பெருக்கியைத் தூக்க இருவர் வேண்டியிருந்த இடத்தில், தோள்பையில் வைத்து எடுத்துச் செல்லும் காலம் வந்துவிட்டது. மின்சாரத்தை இடைவிடாது ஓடவிடாமல், நொடிக்குப் பல லட்சம் முறை திறந்தும் மூடியும் ஆளும் முறையால் இது கைகூடிற்று. வெப்பம் குறைந்தது, எடையும் குறைந்தது. ஆயினும், பின்புறத்தில் ‘குறைந்த அளவு 4 ஓம்’ என்னும் எழுத்து மட்டும் மாறவில்லை. 1827-இல் வகுத்த விதிக்குப் புதுமை பழமை இல்லை.

தேர்ந்த மேடைத் தொழிலாளர் பின்பற்றும் ஒழுங்கு ஒன்று உண்டு. பெருக்கி அணைந்திருக்கும்பொழுதே முதலில் பெட்டிகளை மாட்டுவர். எண்களைப் படித்து மொத்த ஓமைக் கணக்கிடுவர். வால்வுப் பெருக்கியாயின் குமிழை அதற்குரிய நிலையில் வைப்பர். ஒலிக்குமிழைச் சுழியத்துக்குத் தாழ்த்திய பின்னரே மின்விசையை இடுவர். பழைய வால்வுப் பெருக்கிகள் பலவற்றில் விசை இரண்டாக இருக்கும். முதல் விசையால் வால்வுகள் வெம்மையுறச் சிறிது நேரம் விட்டு, பின்னர் இரண்டாம் விசையைப் போடுவர். நிகழ்ச்சி முடிந்ததும் பெருக்கியை அணைத்த பின்னரே பெட்டியின் கம்பியைக் கழற்றுவர். பெருக்கி ஒலிக்காமற் போனால் கம்பியை மாற்றிப் பார்ப்பர். வேறு பெட்டியை மாட்டிப் பார்ப்பர். மின்னுருகி ஒரு முறை எரிந்தால் அதே அளவுள்ள வேறொன்றை இடுவர். மீண்டும் எரிந்தால் நிறுத்திவிடுவர். மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பதில்லை. வால்வுப் பெருக்கியின் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தம் நிலவும். மின்முளையைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின்னரும், மின்தேக்கிகளில் அவ்வழுத்தம் நெடுநேரம் தங்கியிருக்கும். அதனை முறைப்படி வடித்த பின்னரே பழுதுபார்ப்போர் பணியைத் தொடங்குவர். அப்பொழுதும் ஒரு கையைப் பின்னே மடக்கி வைத்துக்கொண்டு, மற்றொரு கையாலேயே தொடுவர்.